ஸ்பீடோமீட்டர் முள் திடீர்னு படுத்துடுச்சா? சென்சாரை மாத்துறதுக்கு முன்னாடி இந்த 3 ஒயரை செக் பண்ணுங்க!

வண்டி 50-ல் போகிறது. ஸ்பீடோமீட்டர் முள் மட்டும் பூஜ்ஜியத்தில் படுத்துக் கிடக்கிறது. கொஞ்ச தூரம் போனதும் தானாக எழுந்து நிற்கிறது. மறுபடியும் விழுகிறது. கூடவே டேஷ்போர்டில் மஞ்சள் நிற செக் இன்ஜின் லைட்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, "ஸ்பீடு சென்சார் போயிடுச்சு, மாத்திடலாம்" என்பார்கள். புது சென்சார் மாட்டுவார்கள், லைட்டும் அணையும். ஆனால் இரண்டே நாளில் அதே லைட் மறுபடியும் எரியும். அப்போ கொடுத்த காசு? போனது போனதுதான்.

இது ஏன் நடக்கிறது? ஸ்கேனர் காட்டும் கோடு உண்மையில் எதைச் சொல்கிறது? கோளாறு சென்சாரிலா, ஒயரிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எளிமையாகப் பார்க்கலாம்.

முதலில், ஸ்பீடு சென்சார்னா என்ன?

அம்பாசிடர் காலத்து கார்களில் கியர்பாக்ஸில் இருந்து ஸ்பீடோமீட்டர் வரைக்கும் ஒரு கேபிள் வரும். அது சுற்றினால் முள் நகரும். கேபிள் அறுந்தால் முள் நின்றுவிடும். அதோடு விஷயம் முடிந்தது, இன்ஜினுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

இப்போதைய கார்களில் அந்த வேலையை ஒரு சின்ன சென்சார் செய்கிறது. பல மாடல்களில் இது கியர்பாக்ஸ் மேலேயே உட்கார்ந்திருக்கும். உள்ளே பல்சக்கரம் சுற்றச் சுற்ற, சென்சார் 'இருக்கு, இல்லை, இருக்கு, இல்லை' என்று மின்துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். இதைத்தான் பல்ஸ் என்கிறார்கள். ஒரு வினாடிக்கு எத்தனை பல்ஸ் வருகிறது என்று எண்ணித்தான் காரின் கம்ப்யூட்டரான இசியு வேகத்தைக் கணக்கிடுகிறது.

ஒரு கணக்கு பார்க்கலாம். ஜப்பானியத் தரத்தைப் பின்பற்றும் பழைய ஸ்பீடோமீட்டர்களில் 1 கிலோமீட்டருக்கு 637 சுற்று. ஒரு சுற்றுக்கு 4 பல்ஸ் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 2,548 பல்ஸ். 60 கி.மீ. வேகத்தில் போனால் வினாடிக்கு சுமார் 42 பல்ஸ். இதில் நாலைந்து விட்டுப்போனாலே முள் ஆட ஆரம்பித்துவிடும்.

இந்த சிக்னலை நம்பி யாரெல்லாம் இருக்காங்க?

ஸ்பீடோமீட்டர், ஓடோமீட்டர் மட்டும் என்று நினைத்தால் தப்பு. பட்டியல் நீளமானது.

* இன்ஜின் இசியு: வண்டி ஓடிக்கொண்டிருக்கிறதா, நிற்கப் போகிறதா என்று பார்த்து பெட்ரோலையும் ஐடிலிங்கையும் சரிசெய்யும். சிக்னல் இல்லாவிட்டால் சில கார்கள் சிக்னலில் பிரேக் போட்டு நிற்கும்போது ஆஃப் ஆகிவிடும்.

* ஆட்டோமேட்டிக், ஏஎம்டி கியர்பாக்ஸ்: எப்போது கியர் மாற்ற வேண்டும் என்பதை இந்த வேகக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்யும்.

* எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்: வேகம் கூடக்கூட ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் கனமாக்கும். வேகமே தெரியாவிட்டால் ஒரே நிலையில் நின்றுவிடும் அல்லது உதவியைக் குறைத்துவிடும்.

* வேக எச்சரிக்கை: 2019 ஜூலை 1 முதல் தயாரான கார்களில் 80 கி.மீ. தாண்டினால் அவ்வப்போதும், 120 தாண்டினால் விடாமலும் ஒலி வர வேண்டும் என்பது விதி. வேகமே பதிவாகாவிட்டால் இந்த எச்சரிக்கையும் வராது.

* வாடகை வண்டிகளில் உள்ள வேகக் கட்டுப்பாட்டுக் கருவி: பல வண்டிகளில் இது ஸ்பீடு சென்சார் ஒயரில் இருந்தே சிக்னலை எடுத்துக்கொள்கிறது.

அமெரிக்காவில் இது எவ்வளவு பெரிய பிரச்னையானது என்பதற்கு ஃபோர்டு நிறுவனத்தின் எஃப்-150 பிக்கப் டிரக் ஒரு உதாரணம். கியர்பாக்ஸின் அவுட்புட் ஸ்பீடு சென்சாரில் இருந்து கம்ப்யூட்டருக்கு வரும் சிக்னல் விட்டுப்போனால், ஓடும்போதே வண்டி எதிர்பாராமல் முதல் கியருக்கு இறங்கிவிடும் அபாயம் இருந்தது. 2019-ல் 2011 முதல் 2013 வரையிலான மாடல்கள் வட அமெரிக்காவில் சுமார் 14.8 லட்சம் திரும்ப அழைக்கப்பட்டன. 2024 ஜூனில் 2014 மாடலில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 5.5 லட்சம் டிரக்குகள் அழைக்கப்பட்டன. இதற்குச் சொல்லப்பட்ட தீர்வு, சிக்னல் விட்டுப்போனாலும் கியர் அப்படி இறங்காமல் இருக்கும்படி கம்ப்யூட்டர் மென்பொருளை மாற்றுவது.

நம்ம ஊர் சின்ன கார்களில் அந்த கியர்பாக்ஸ் இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். கியர்பாக்ஸ் நல்லா இருந்தாலும், சிக்னல் வரும் பாதையில் கோளாறு என்றால் வண்டி தாறுமாறாக நடந்துகொள்ளும்.

பி0500 வந்துட்டா சென்சார் போச்சுன்னு அர்த்தமா?

இல்லை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

ஸ்கேனரில் அடிக்கடி வரும் கோடுகள் இவை. முதலில் வரும் 'பி', பவர்டிரெயின், அதாவது இன்ஜின்-கியர்பாக்ஸ் பகுதியைக் குறிக்கும்.

* பி0500: வண்டியின் வேக சிக்னலில் கோளாறு
* பி0501: சிக்னல் வருகிறது, ஆனால் கணக்கு பொருந்தவில்லை
* பி0503: சிக்னல் விட்டு விட்டு அல்லது தாறுமாறாக வருகிறது
* பி0715: கியர்பாக்ஸ் உள்ளே வரும் வேகத்தை அளக்கும் சென்சார் சர்க்யூட்
* பி0720: கியர்பாக்ஸில் இருந்து வெளியே போகும் வேகத்தை அளக்கும் சென்சார் சர்க்யூட்

கடைசி இரண்டிலும் இருக்கும் 'சர்க்யூட்' என்ற வார்த்தையைக் கவனியுங்க. சர்க்யூட் என்றால் சென்சார், அதன் கப்ளர், அதற்குள் இருக்கும் பின், அங்கிருந்து இசியு வரை போகும் ஒயர், எர்த், ஃபியூஸ், கடைசியில் இசியு எல்லாம் சேர்ந்தது. இதில் எது கெட்டாலும் வரும் கோடு பெரும்பாலும் ஒன்றுதான்.

பி0500-ஐ இசியு எப்படி முடிவு செய்கிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இன்ஜின் நல்ல வேகத்தில் சுற்றுகிறது, ஆக்சிலேட்டர் மிதிக்கப்பட்டிருக்கிறது, லோடும் இருக்கிறது. அப்படியென்றால் வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் வேகம் பூஜ்ஜியம் என்று வருகிறது. சில வினாடிகள் இப்படியே நீடித்தால் 'எங்கேயோ தப்பு இருக்கு' என்று கோடு போட்டுவிடும். சிக்னல் வரவில்லை என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். எங்கே நின்றது என்பது அதற்குத் தெரியாது.

போன் அடித்தால் எடுக்கவில்லை என்பதற்காக, அந்த ஆளே ஊரில் இல்லை என்று சொல்ல முடியுமா? டவர் இல்லாமல் இருக்கலாம், சார்ஜ் இல்லாமலும் இருக்கலாம். இதுவும் அப்படித்தான்.

வில்லியனூர், பாகூர் பக்கம் ஏன் கூடுதல் கவனம் தேவை?

ஒயரும் கப்ளரும் கெடுவதற்கு மூன்று பெரிய காரணங்கள்: தண்ணீர், எலி, கைவைத்த வேலை. புதுச்சேரியின் கிராமப்புற கொம்யூன்களில் இந்த மூன்றுக்குமே வாய்ப்பு அதிகம்.

தண்ணீர்: 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அடுத்து டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையில் இருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணை பெருக்கெடுத்து பாகூர் பகுதி கிராமங்களுக்குள் புகுந்தது. வில்லியனூர் பக்கம் சங்கராபரணி ஓடுகிறது. மழைக்காலத்தில் தாழ்வான பகுதியில் நிறுத்தியிருக்கும் வண்டிக்கு ஆபத்துதான்.

கியர்பாக்ஸ் மேல் இருக்கும் சென்சார் கப்ளர், வண்டியில் தாழ்வாக இருக்கும் கப்ளர்களில் ஒன்று. வெள்ளம் வடிந்ததும் வண்டி நல்லாத்தான் ஓடும். ஆனால் கப்ளருக்குள் புகுந்த சேற்றுத் தண்ணீர் பின்களில் மெதுவாகக் களிம்பு ஏற்றும். பித்தளைப் பாத்திரத்தில் பச்சையாகப் படியுமே, அதேதான். பல மாதம் கழித்து, வெள்ளத்தையே மறந்த பிறகு, முள் விழ ஆரம்பிக்கும். பாகூர் கொம்யூனின் கடலோரக் கிராமங்களில் உப்புக்காற்றும் இதே வேலையைச் செய்யும்.

எலி: பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். வைக்கோல் போர் பக்கத்திலும், களத்து ஓரத்திலும், கொட்டகையிலும் வண்டியை நிறுத்துவது சகஜம். வயலில் தண்ணீர் நின்றாலோ அறுவடை முடிந்தாலோ எலிகள் மேட்டுக்கு வரும். சூடான இன்ஜின் பகுதி அவற்றுக்கு வசதியான இடம். ஒயரை முழுசாக அறுத்தால்கூட பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிந்துவிடும். பாதி கடித்துவிட்டுப் போனால்தான் தலைவலி.

கைவைத்த வேலை: வாடகைக்கு ஓடும் வண்டிகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டும்போதும், சில வண்டிகளில் டச் ஸ்கிரீன் செட் போடும்போதும் ஸ்பீடு ஒயரை உரித்து ஒரு ஜாயின்ட் போடுவார்கள். சால்டர் செய்யாமல் வெறும் டேப் சுற்றி விட்டால், கொஞ்ச நாளில் அந்த இடம் தளர்ந்துவிடும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் இப்படி ஒரு ஜாயின்ட் இருப்பதே வாங்கியவருக்குத் தெரியாது.

இந்தப் பகுதியில் ராத்திரி ஒருவருக்கு உடம்பு முடியாவிட்டால், ஜிப்மருக்கு அழைத்துப் போக ஊரில் இருக்கும் ஏதோ ஒரு வாடகை கார்தான் பல வீடுகளுக்குத் துணை. அந்த வண்டி தப்பான டயக்னோசிஸால் நாலு நாள் ஷெட்டில் நின்றால், டிரைவருக்கு வருமானம் போகும். நம்பியிருப்பவர்களுக்கும் கஷ்டம். அதனால்தான் முதல் தடவையிலேயே சரியாகக் கண்டுபிடிப்பது முக்கியம்.

டெஸ்ட் பண்றதுக்கு என்ன வேணும்?

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர், போனுடன் இணையும் ஓபிடி ஸ்கேனர், டார்ச் லைட். இவ்வளவுதான். இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ஓபிடி-2 வசதி உண்டு. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட சாக்கெட் இருக்கும்.

பாதுகாப்பு விஷயத்தில் விளையாடக் கூடாது. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்க. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது, ஸ்டாண்டு கட்டாயம் வேணும். மஞ்சள் நிற ஒயர், கப்ளர் ஏர்பேக்குக்கானது, அதில் கை வைக்காதீங்க. வாரன்ட்டி இருக்கும் வண்டி என்றால் ஒயரில் கை வைக்காமல் கம்பெனி சர்வீஸுக்கே கொண்டு போவது நல்லது.

ஸ்டெப் 1: உங்க வண்டிக்கு சென்சார் எங்கே இருக்கு?

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆரம்பித்தால் எல்லாமே தப்பாகிவிடும். பழைய மாடல்கள் பலவற்றில் கியர்பாக்ஸ் மேல் தனி ஸ்பீடு சென்சார் இருக்கும். புதிய மாடல்கள் பலவற்றில் அது கிடையாது. நாலு சக்கரத்திலும் இருக்கும் ஏபிஎஸ் சென்சார்களில் இருந்தே வேகம் எடுக்கப்படுகிறது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புது கார்கள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயம்.

ஒரு சுலபமான அடையாளம்: முள் விழும்போது ஏபிஎஸ் லைட்டும் சேர்ந்து எரிந்தால் சக்கரத்துப் பக்கம் தேடுங்க. ஏபிஎஸ் லைட் எரியாமல் செக் இன்ஜின் லைட் மட்டும் எரிந்தால் கியர்பாக்ஸ் சென்சார் பக்கம் முதலில் பாருங்க.

ஸ்டெப் 2: கோடை அழிக்காதீங்க, படிங்க

கோடை அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற பகுதியைப் பாருங்க. கோடு விழுந்த நேரத்தில் இன்ஜின் எத்தனை ஆர்பிஎம், எவ்வளவு சூடு, எவ்வளவு லோடு என்று அதில் பதிவாகி இருக்கும். அழித்துவிட்டால் இந்தத் தடயமும் போய்விடும்.

அடுத்து லைவ் டேட்டா. வண்டியை இன்னொருவர் மெதுவாக ஓட்டட்டும். ஸ்கேனரில் வேகம் சரியாக வருகிறது, முள் மட்டும் விழுகிறது என்றால் சென்சார் நல்லாத்தான் இருக்கு. பிரச்னை மீட்டர் போர்டிலோ அதற்குப் போகும் ஒயரிலோ இருக்கலாம். ஸ்கேனரிலும் பூஜ்ஜியம் என்றால் சென்சார் சர்க்யூட்டுக்குப் போகலாம்.

ஸ்டெப் 3: கண்ணால பாருங்க

பாதி கோளாறு இங்கேயே சிக்கிவிடும். இக்னிஷனை ஆஃப் செய்துவிட்டு கப்ளரைக் கழற்றுங்க. உள்ளே பச்சைக் களிம்பு, சேறு, ஆயில், வளைந்த பின் இருக்கா? ரப்பர் சீல் இருக்கா, இல்லை கிழிஞ்சிருக்கா? ஒயரில் பல் பட்ட தடம், டேப் சுற்றிய ஜாயின்ட், சைலன்சர் சூட்டில் உருகிய இடம் இருக்கா? ஃபியூஸையும் பார்த்துடுங்க.

களிம்பு இருந்தால் எலெக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து, சின்ன பிரஷ்ஷால் சுத்தம் செய்து, நன்றாகக் காய விட்டு மாட்டிப் பாருங்க. பல நேரம் இதோடு வேலை முடிந்துவிடும்.

ஸ்டெப் 4: மூணு ஒயர், மூணு கேள்வி

கியர்பாக்ஸ் ஸ்பீடு சென்சார்களில் அதிகம் இருப்பது ஹால் எஃபெக்ட் வகை. இதற்கு மூன்று ஒயர்: ஒன்று கரண்ட் சப்ளை, ஒன்று எர்த், ஒன்று சிக்னல். எந்த நிறம் எது என்பது மாடலுக்கு மாடல் மாறும், ஒயரிங் டயக்ராமைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்க.

கேள்வி 1: சப்ளை வருதா? கப்ளரைக் கழற்றி, இக்னிஷனை ஆன் செய்யுங்க, இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி மைனஸிலும் சிவப்பு முனையை சப்ளை பின்னிலும் வையுங்க. மாடலைப் பொறுத்து 5 வோல்ட்டோ, பேட்டரி அளவான 12 வோல்ட்டோ வர வேண்டும். வரவில்லை என்றால் புது சென்சார் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. ஃபியூஸ், ஒயர், இசியு பக்கம் தேட வேண்டும்.

கேள்வி 2: எர்த் சரியா இருக்கா? சிவப்பு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை எர்த் பின்னிலும் வையுங்க. பேட்டரி வோல்ட்டேஜ் அப்படியே வர வேண்டும். பிறகு கப்ளரை மாட்டி, எர்த் ஒயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அளந்து பாருங்க. கிட்டத்தட்ட பூஜ்ஜியம், அதாவது 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் எர்த் போல்ட்டில் துரு அல்லது களிம்பு இருக்கலாம்.

கேள்வி 3: சிக்னல் துடிக்குதா? கப்ளர் மாட்டியபடியே இருக்கட்டும். பின்பக்கமாக மெல்லிய முனையை நுழைத்து சிக்னல் ஒயரை அளக்க வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, என்ஜின் சுற்றும் முன்சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஸ்டாண்டில் தூக்கி, இக்னிஷன் ஆனில் கையால் மெதுவாகச் சுற்றுங்க. ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும், அதனால் வண்டி நகராது. மீட்டரில் வோல்ட்டேஜ் ஏறி இறங்கி, ஏறி இறங்கி வர வேண்டும். வேகமாகச் சுற்றினால் மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும், அதனால் நிதானமாகச் சுற்றணும்.

சப்ளை இருக்கு, எர்த் இருக்கு, சக்கரம் சுற்றியும் சிக்னல் அசையவே இல்லை. அப்போதும் அவசரப்பட வேண்டாம். பல மாடல்களில் சிக்னல் ஒயருக்கு இசியுதான் 5 அல்லது 12 வோல்ட் கொடுக்கும். சென்சார் அதை இழுத்து இழுத்து விடும். கப்ளரைக் கழற்றி சிக்னல் பின்னில் அந்த வோல்ட்டேஜ் வருகிறதா என்று பாருங்க. வந்தால் ஒயர் நல்லா இருக்கு, சந்தேகம் சென்சார் மேல். வராவிட்டால் ஒயர் எங்கோ விட்டிருக்கு அல்லது ஷார்ட் ஆகியிருக்கு.

இரண்டு ஒயர் மட்டும் இருந்தால்?

அது காந்தச் சுருள் வகையாக இருக்கலாம். இதற்கு வெளியில் இருந்து கரண்ட் தேவையில்லை. கப்ளரைக் கழற்றி ஓம்ஸில் அளந்தால், மாடலைப் பொறுத்து சில நூறு முதல் சில ஆயிரம் ஓம்ஸ் வரும். சக்கரத்தைச் சுற்றும்போது ஏசி வோல்ட்டில் சின்ன அளவு காட்டும்.

ஆனால் புதிய ஏபிஎஸ் சென்சார்கள் பலவும் இரண்டு ஒயரில் ஓடும் ஹால் வகைதான். அவற்றை ஓம்ஸில் அளக்கக் கூடாது, அளந்தாலும் பயன் இல்லை. மாடல் விவரம் தெரியாமல் ஓம்ஸ் வைத்து 'சென்சார் அவுட்' என்று முடிவு கட்டுவதும் ஒரு பொதுவான தப்பு.

ஸ்டெப் 5: ஒயரை ஆட்டிப் பாருங்க

விட்டு விட்டு வரும் கோளாறுக்கு இதுதான் மருந்து. மீட்டரை மாட்டி வைத்துக்கொண்டு, கப்ளரில் இருந்து ஆரம்பித்து ஒயரை அங்குலம் அங்குலமாக ஆட்டிக்கொண்டே போங்க. எந்த இடத்தில் ரீடிங் குதிக்கிறதோ, அங்கேதான் கோளாறு.

கன்டினியூட்டி பார்க்கும்போது மீட்டர் 'பீப்' அடித்துவிட்டால் ஒயர் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிடக் கூடாது. எலி கடித்து ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் பீப் வரும். வண்டி குலுங்கும்போது அந்த இழை விட்டுப்போகும். அதனால்தான் ஆட்டிப் பார்ப்பதும், வேலை செய்யும்போதே வோல்ட்டேஜ் அளப்பதும் அவசியம்.

ஸ்டெப் 6: கடைசியாத்தான் சென்சார்

எல்லாம் சரியாக இருந்தும் சிக்னல் வராவிட்டால் சென்சாரைக் கழற்றலாம். முனையில் இரும்புத் துகள் ஒட்டியிருக்கா? பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கும் மாடல் என்றால் பல் தேய்ந்திருக்கா? சில நேரம் சென்சார் உயிரோடுதான் இருக்கும், பல்சக்கரம்தான் செத்துப் போயிருக்கும். மாட்டும்போது ஓ-ரிங் புதுசு போடுங்க, இல்லையென்றால் கியர் ஆயில் கசியும்.

இசியு மேல் சந்தேகப்படுவது இதற்கெல்லாம் பிறகுதான். எடுத்த எடுப்பிலேயே 'இசியு போயிடுச்சு' என்று யாராவது சொன்னால், இரண்டாவது கருத்து கேளுங்க.

வேலை முடிந்ததும் கோடை அழித்து, நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி, மறுபடியும் ஸ்கேனர் போட்டுப் பாருங்க. சில கார்களில் இரண்டு முறை ஓட்டிய பிறகுதான் லைட் வரும். அதனால் மறுநாளும் ஒரு தடவை பார்ப்பது நல்லது.

செய்யவே கூடாத 4 விஷயங்கள்

1. ஊசியால் ஒயரைக் குத்தி டெஸ்ட் பண்ணாதீங்க. அந்தச் சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் போய், அடுத்த மழைக்காலத்தில் உள்ளேயே களிம்பு ஏறும்.

2. வாட்டர் சர்வீஸ் செய்யும்போது கியர்பாக்ஸ் கப்ளர்கள் மேல் பிரஷர் கன்னை நேராக அடிக்க விடாதீங்க.

3. வெறும் முறுக்கு ஜாயின்ட், டேப் வேண்டாம். சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடச் சொல்லுங்க.

4. முள் வேலை செய்யாவிட்டால் ஓடோமீட்டரும் நிற்கும். அதை அப்படியே விட்டால் சர்வீஸ் கணக்கு தப்பாகும். பழைய கார் வாங்குபவர்கள் ஓட்டிப் பார்க்கும்போது கிலோமீட்டர் ஏறுகிறதா என்று பார்க்க மறக்கக் கூடாது.

கோளாறோட வண்டியை ஓட்டலாமா?

மேனுவல் கியர் வண்டியில் முள் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், மெதுவாக ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிப் போகலாம். போனில் ஜிபிஎஸ் வேகம் பார்க்கலாம், ஆனால் போனை ஸ்டாண்டில் வைத்துத்தான். ஏபிஎஸ் லைட் எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும், ஆனால் ஏபிஎஸ் உதவி இருக்காது. ஈர ரோட்டில் இடைவெளி விட்டுப் போங்க.

ஏஎம்டி அல்லது ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் ஒரே இடத்தில் நின்றாலோ, திடீரென்று இறங்கினாலோ, பிரேக் போடும்போது இன்ஜின் ஆஃப் ஆனாலோ நான்கு வழிச்சாலையில் ஏறாதீங்க. ஓரமாக நிறுத்தி உதவிக்கு ஆள் கூப்பிடுவதே நல்லது.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியாதவர்களும் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம்.

* என்ன கோடு வந்துச்சு? நம்பரைக் காட்டுங்க.
* கப்ளரைக் கழற்றிப் பார்த்தீங்களா? களிம்பு இருந்துச்சா?
* சப்ளை எத்தனை வோல்ட், எர்த் எத்தனை வோல்ட் வந்துச்சு?
* சக்கரத்தைச் சுற்றினப்போ சிக்னல் அசைஞ்சுதா?
* சென்சார் மாத்தியும் கோடு திரும்ப வந்தா என்ன பண்ணுவீங்க?

முதல் நாலுக்கும் நேரான பதில் சொல்லும் மெக்கானிக் என்றால் நம்பி வண்டியைக் கொடுக்கலாம். பதில் இல்லாமல் "முதல்ல மாத்திப் பார்ப்போம்" என்றால், அந்தப் பரிசோதனை உங்க காசில்தான் நடக்கப் போகிறது.

மூன்று ஒயரையும் அளந்து பார்க்க அதிகபட்சம் அரை மணி நேரம். மழைக்காலத்துக்கு முன்னாடி அந்தக் கப்ளரை ஒரு தடவை கழற்றிப் பார்த்து, சுத்தம் செய்து, சீல் சரியாக இருக்கா என்று பார்த்து மாட்டிட்டாலே இந்தத் தொல்லையில் பெரும்பகுதி வராமல் தடுத்துவிடலாம்.